கடைக்கும் வீட்டுக்கும் துப்பாக்கி: வாங்குமுன் வணிகர் அறிய வேண்டியவை

எங்காவது ஓர் ஊரில் கடையின் பூட்டை உடைத்துக் கல்லாப்பெட்டியைத் தூக்கிச் சென்றார்கள் என்றோ, கடையடைத்துவிட்டு வீடு திரும்பிய வணிகரை வழிமறித்துப் பணப்பையைப் பறித்தார்கள் என்றோ செய்தி வந்தால் போதும். அடுத்த சங்கக் கூட்டத்தில் ஓர் அன்பராவது, "நாமும் ஒரு துப்பாக்கி லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் சரக்கு வாங்குவதற்கு முன் விலை, தரம், இருப்பு வைக்கும் இடம், விற்காமல் தேங்கினால் வரும் நட்டம் எல்லாவற்றையும் கணக்குப் பார்க்கிற நாம், துப்பாக்கி விஷயத்திலும் அதே கணக்கைப் பார்க்க வேண்டாமா? அந்தக் கணக்குக்கு உதவவே இந்தக் கட்டுரை.

முதல் கணக்கு

துப்பாக்கியால் பாதுகாப்பு உண்டா என்ற கேள்விக்கு விடை, அது எங்கே, எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. தோட்டாவை எடுத்துவிட்டு, பீரோவில் பூட்டி, தோட்டாக்களை வேறொரு பெட்டியில் பூட்டி வைத்தால் வீட்டிலுள்ளவர்களுக்கு ஆபத்தில்லை. ஆனால் திடீரென்று திருடன் வந்தால் அதை எடுத்துப் பூர்த்தி செய்ய இரண்டு மூன்று நிமிடங்களாவது ஆகும். தோட்டா போட்டுத் தலையணை அடியிலோ கல்லாவுக்குக் கீழேயோ வைத்தால் உடனே கைக்கு எட்டும். ஆனால் அது உங்கள் கைக்கு மட்டும் எட்டுவதில்லை. பள்ளி விடுமுறைக்கு வந்த பேரன் கைக்கும், கடைப்பையன் கைக்கும், கோபத்தில் இருக்கும் உறவினர் கைக்கும் எட்டும். சுருங்கச் சொன்னால், பத்திரமாக இருக்கும் துப்பாக்கி விரைவில் உதவாது. விரைவில் உதவும் துப்பாக்கி பத்திரமாக இருக்காது. இந்த முரண்பாட்டைத் தீர்க்க எந்த லைசென்ஸாலும் முடியாது.

கொள்ளையர் நேரத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. இரவு ஒன்பதரை மணிக்கு ஷட்டரை இறக்கிக் குனிந்து பூட்டுப் போடும் வேளை, பணப்பையை வண்டியில் மாட்டிக்கொண்டு இருட்டுத் தெருவில் திரும்பும் வேளை, ஊரே தூங்கும் வேளை இவையே அவர்களுக்கு உகந்தவை. இவற்றில் எந்த வேளையிலும் முதல் அடி அவர்களுடையது. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர் இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவுவதற்குள் காரியம் முடிந்துவிடும். பல வேளைகளில் பணத்தோடு துப்பாக்கியும் போய்விடும். பிறகு அந்தத் துப்பாக்கி எங்கே வெடித்தாலும் விசாரணை முதலில் உங்கள் வாசலுக்கு வரும்.

அமெரிக்காவில் இந்தக் கணக்கை மருத்துவர்கள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1993-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஆய்வு, துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நடக்கும் அபாயம் துப்பாக்கி இல்லாத வீட்டைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு என்று கண்டது. கொன்றவர்களில் பெரும்பாலோர் வெளித் திருடர்கள் அல்ல, வீட்டாரும் தெரிந்தவர்களுமே. அதே இதழில் 2020-ல் வந்த இன்னோர் ஆய்வு கலிபோர்னியாவில் சுமார் 2.6 கோடிப் பேரின் விவரத்தை 2004 முதல் 2016 வரை தொடர்ந்து பார்த்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்களிடையே தற்கொலை, வைத்திராத ஆண்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. அந்த நாட்டு நிலை வேறு, நம் நாட்டு நிலை வேறு. ஆனாலும் வியாபாரத்தில் சரிவு, கடன் நெருக்கடி, குடும்பத் தகராறு என்பவை நமக்கும் உள்ளவைதானே. மனம் உடைந்த ஒரு வேளை கடந்து போய்விடும். அந்த வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இல்லாதிருப்பதே பெரிய காவல். வீட்டில் யாரேனும் அப்படித் தளர்ந்திருப்பது தெரிந்தால், துப்பாக்கியை லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடம் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்வதும், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் அன்றே செய்ய வேண்டிய காரியங்கள்.

ஆகவே பெரும்பாலான மளிகைக் கடைகளுக்கும் சிறு வணிகர்களுக்கும் முதல் செலவு துப்பாக்கியாக இருக்க வேண்டியதில்லை. நல்ல ஷட்டர், நடுப்பூட்டு, வாசலில் இரவு முழுதும் எரியும் விளக்கு, கேமரா, எச்சரிக்கை மணி, அன்றன்றைய வசூலை அன்றன்றே வங்கியில் கட்டும் பழக்கம், இருவராகச் சேர்ந்து கடையடைப்பது, பக்கத்துக் கடைகளோடு சேர்ந்து ஒரு இரவுக் காவலர் என்ற வரிசையில் பணத்தைச் செலவிட்டால் பலன் அதிகம். இவ்வளவும் செய்த பிறகும் உண்மையான தேவை இருப்பவர்கள் உண்டு. நகைக் கடைக்காரர், ஊருக்கு வெளியே தனித்த தோட்டத்திலோ மில்லிலோ குடியிருப்பவர், பெரும் ரொக்கம் கையாளுபவர், முன்பே மிரட்டலுக்கு ஆளானவர் ஆகியோர் அந்த வகை. குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபாடு கொண்டவர்களும் உண்டு. இனி வருவது அவர்களுக்காக.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது பிறவி உரிமை அல்ல. அரசு தரும் அனுமதி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும், 2019-ல் வந்த திருத்தச் சட்டமும் இதை நடத்துகின்றன. மாவட்டங்களில் மாவட்ட நடுவர் என்ற முறையில் ஆட்சியரும், காவல் ஆணையர் உள்ள மாநகரங்களில் ஆணையரும் உரிமம் வழங்கும் அதிகாரிகள்.

விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வன்முறைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர், அமைதி காப்பதாகப் பிணை எழுதிக் கொடுத்திருப்பவர், சித்தசுவாதீனம் இல்லாதவர் போன்றோருக்கு உரிமம் கிடையாது. உடல் நலம், மனநலம், போதைப் பழக்கம் இல்லாமை பற்றி மருத்துவரின் சான்று வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைப்பேன் என்ற உறுதிமொழியும் எழுதித் தர வேண்டும். பிறகு காவல் நிலைய விசாரணை நடக்கும். என்ன காரணத்துக்காகக் கேட்கிறீர்கள் என்பதை ஆதாரத்துடன் சொல்ல வேண்டும். "ஊரில் திருட்டு பயம்" என்ற பொதுவான சொல் போதாது. முன்பு கொடுத்த புகாரின் நகல், மிரட்டல் விவரம், தொழிலின் தன்மை ஆகியவற்றை இணைத்தால்தான் மனு நிற்கும்.

சொத்து குறைவு என்பதை மட்டும் காரணம் காட்டி உரிமம் மறுக்கக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். குறித்த காலத்துக்குள் மேல்முறையீடும் செய்யலாம். ஆகவே இடைத்தரகர் எவரையும் நாட வேண்டாம். பணம் கொடுத்தால் வெளிமாநில லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன் என்பவர்களை அண்டவே விடாதீர்கள். உரிமங்கள் எல்லாம் இப்போது தேசிய அளவில் ஒரே கணினிப் பதிவில் தனி அடையாள எண்ணோடு ஏறுகின்றன. அந்த எண் இல்லாத காகிதம் வெறும் காகிதம்தான்.

2019 திருத்தத்தின்படி ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் உச்ச எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. உரிமத்தின் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாயிற்று. உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. திருமணம், திருவிழா என்று மகிழ்ச்சிக்காக வானத்தை நோக்கிச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வணிகர்கள் சறுக்கும் இடங்கள் மூன்று உண்டு. ஒன்று, கடனுக்கு ஈடாகத் துப்பாக்கியை அடகு பிடிப்பது. தெரிந்தவர்தானே என்று பீரோவில் வாங்கி வைத்தால் நீங்கள் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பவர் ஆகிவிடுகிறீர்கள். இரண்டு, உங்கள் பெயரில் உள்ள துப்பாக்கியைக் கடைக் காவலாளி கையில் கொடுத்து வாசலில் நிறுத்துவது. அவர் பெயர் முறைப்படி உரிமத்தில் சேர்க்கப்படாமல் அப்படிச் செய்யக் கூடாது. மூன்று, துப்பாக்கியோடு படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் போடுவது. அது உரிமத்துக்கும் ஆபத்து. உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று திருடனுக்கு நீங்களே எழுதும் அழைப்பிதழும் ஆகும்.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவு வரும். தள்ளிப் போடாமல் ஒப்படைத்து, துப்பாக்கியின் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, நிலைமை எல்லாம் எழுதிய ரசீது வாங்குங்கள். வங்கி முதலிய நிறுவனக் காவல் போன்ற காரணங்களுக்கு விலக்கு கேட்க விரும்புவோர் முன்கூட்டியே மனுச் செய்ய வேண்டும்.

எந்த வகை?

சட்டம் துப்பாக்கிகளைத் தடை செய்யப்பட்டவை, தடை செய்யப்படாதவை என்று பிரிக்கிறது. 9 மி.மீ., .38, .303 போன்ற போலீஸ், ராணுவ அளவுகளும், தானியங்கித் துப்பாக்கிகளும் பொதுமக்களுக்கு இல்லை. நமக்குக் கிடைப்பவை 12 போர் துப்பாக்கி, .32 ரிவால்வர், .32 பிஸ்டல், .22 மற்றும் .315 ரைபிள் ஆகியவை. முன்பு இவற்றை அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகளே பெரும்பாலும் செய்துவந்தன. 2021 அக்டோபரில் அத்தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. இஷாப்பூர், கான்பூர் தொழிற்சாலைகளும் 1966-ல் தொடங்கிய நம் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையும் அவற்றில் ஒரே நிறுவனத்தின் கீழ் வருகின்றன.

12 போர் என்றால் என்ன? எடை போடுகிற நமக்கு இது எளிதில் விளங்கும். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமன் இருக்குமோ அவ்வளவு அகலம் அந்தக் குழலுக்கு, சுமார் 18.5 மி.மீ. பதினாறு உருண்டையாக்கினால் உருண்டை சிறிது. ஆகவே 16 போர் குழல் 12 போரைவிடக் குறுகியது. இதன் தோட்டாவுக்குள் ஒரே குண்டு இல்லை; பல பால்ரஸ் குண்டுகள் இருக்கின்றன. குழலின் உட்புறம் வரியில்லாமல் வழுவழுப்பாக இருக்கும். தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட இத்தகைய துப்பாக்கி கேட்பவருக்கு, வேறு தடை இல்லையென்றால், உரிமம் தர வேண்டும் என்பதே சட்டத்தின் பொது நோக்கு. மற்ற வகைகளுக்குத் தனியாகத் தக்க காரணம் காட்ட வேண்டும்.

வீட்டுக்கு என்று வைத்துப் பார்த்தால் சாதாரண இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு இரண்டு நன்மைகள். மடித்துத் திறந்தால் இரண்டு தோட்டா அறைகளும் கண்ணுக்குத் தெரியும். தோட்டா இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகமே எழாது. மேலும் பெரியதாக இருப்பதால் குழந்தை எளிதில் எடுத்து விளையாடவோ, ஒருவர் சட்டைக்குள் மறைத்துத் திருடவோ முடியாது.

ரிவால்வர் சிறியது, தோட்டா உருளையை வெளியே தள்ளிப் பார்த்தால் எத்தனை தோட்டா இருக்கிறது என்பது தெரியும். 2014-ல் கான்பூர் தொழிற்சாலை பெண்களை மனதில் வைத்து 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. எடை சுமார் அரைக் கிலோதான். ஆனால் சிறிய துப்பாக்கியால் குறி வைப்பது கடினம். வாங்கி வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் சுட்டே பழகாதவர் கையில் அது பயன்படாது. குறி தவறினால் யார் மீது படும் என்பதும் தெரியாது.

பிஸ்டலில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. கைப்பிடிக்குள் இருக்கும் தோட்டாப் பெட்டியை உருவிவிட்டால் துப்பாக்கி காலி என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் மேலே குழலறையில் ஒரு தோட்டா ஏறியிருக்கலாம். 'காலித் துப்பாக்கி' வெடித்ததாக வரும் செய்திகளில் பலவற்றுக்கு இதுவே காரணம். முதலில் பெட்டியை உருவ வேண்டும். பிறகு மேல் உறையைப் பின்னுக்கு இழுத்து அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றக் கூடாது.

.315 ரைபிள் கடை வீதிக்கு ஏற்றதே அல்ல. அதன் குண்டு ஒரு மைலுக்கும் அப்பால் சென்று உயிரைப் பறிக்கக் கூடியது. சந்துக்குச் சந்து வீடுகள் உள்ள ஊரில், ஓட்டையும் மெல்லிய செங்கல் சுவரையும் தாண்டி அடுத்த வீட்டில் உறங்குபவரை அது எட்டிவிடும்.

பாட்டனார் காலத்துத் துப்பாக்கி

பழைய வணிகக் குடும்பங்கள் சிலவற்றில் இரண்டு மூன்று தலைமுறையாக வந்த இங்கிலாந்துத் துப்பாக்கி இருக்கிறது. பெருமைக்குரிய பொருள்தான். ஆனால் சுடுவதற்கு முன் இரண்டு விஷயங்களை உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டி உறுதி செய்துகொள்ள வேண்டும். பல பழைய துப்பாக்கிகளின் தோட்டா அறை இரண்டரை அங்குல நீளம். இன்றைய தோட்டாக்களில் பெரும்பாலானவை இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாக்கள். உள்ளே நுழையும், ஆனால் வெடிக்கும்போது முனை விரிய இடமின்றி அழுத்தம் ஏறிவிடும். அடுத்து, இரும்பும் எஃகும் முறுக்கிச் சுற்றிய, மேலே அழகிய வரிகள் தெரியும் டமாஸ்கஸ் குழல்கள் பழைய கருமருந்துக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய புகையில்லா மருந்தின் வேகத்தை அவை தாங்கும் என்று நம்பிச் சுடக் கூடாது. அப்படிப்பட்டவை சுவருக்கு அழகே தவிர, தோளுக்கு அல்ல. சுவரில் மாட்டினாலும் உரிமம் தேவை என்பதை நினைவில் வையுங்கள்.

வைக்கும் முறை

வைப்பதற்கு நான்கு விதிகள் போதும். காலியாக வை; பூட்டி வை; தோட்டாவைப் பிரித்து வை; சாவியை உன்னிடமே வை.

துப்பாக்கிக்கு என்று தனி இரும்புப் பெட்டகம் நல்லது. துணி பீரோ போதாது. அதை இரண்டு பேர் அப்படியே தூக்கிச் சென்றுவிடலாம். பெட்டகம் எதுவானாலும் சுவரோடும் தரையோடும் போல்ட் போட்டு இறுக்குங்கள். வெளியாட்கள் வந்து போகும் கூடத்தில் வேண்டாம். இரட்டைக் குழல் துப்பாக்கியைக் குழல், கைப்பிடிக் கட்டை, முன்கட்டை என்று மூன்றாகக் கழற்ற முடியும். கழற்றித் தனித்தனியே வைத்தால் ஒரு பாகம் களவு போனாலும் முழுத் துப்பாக்கி போகாது. விசைக்குப் போடும் சிறு பூட்டும் கடைகளில் கிடைக்கிறது.

தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு சாவியில் இருக்கட்டும். சாமி மாடத்தில், நாட்காட்டிக்குப் பின்னால், அரிசிப் பானைக்குள் என்று சாவியை ஒளிப்பது வழக்கம். வீட்டுக் குழந்தைகளுக்குத் தெரியாத ஒளிவிடம் எந்த வீட்டிலும் இல்லை. பத்து நாள் வெளியூர் போவதானால் துப்பாக்கியை உரிமம் பெற்ற வியாபாரியிடம் ஒப்படைத்துச் செல்வதே நல்லது.

தோட்டாவுக்கு ஓர் இருப்புப் பேரேடு போடுங்கள். வாங்கிய தேதி, எண்ணிக்கை, சுட்டவை, மீதம் என்று நான்கு பத்தி போதும். உரிமத்தில் எழுதியுள்ள எண்ணிக்கைக்கு மேல் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். குறைந்தால் அன்றே காவல் நிலையத்தில் தெரிவியுங்கள். துப்பாக்கியே காணாமற் போனால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள்.

ஆயுத பூஜையன்று துப்பாக்கியைப் படைப்பது சிலர் வழக்கம். அன்றைக்கு வீடு முழுக்க விருந்தினரும் குழந்தைகளுமாக இருப்பார்கள். காலி என்று உறுதி செய்து, நீங்கள் அருகில் இருக்கும் நேரம் மட்டும் வைத்து, பூஜை முடிந்ததும் பூட்டிவிடுங்கள். சந்தனமும் நீரும் குழலில் பட்டால் உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள்.

உப்பும் ஈரமும்

மளிகைக் கடைக்காரர் தன் துப்பாக்கியைக் கடைக் குடோனில் வைக்கவே கூடாது. உப்பு மூட்டை, புளி, கருவாடு இவை உள்ள இடத்தின் காற்று எஃகைச் சில வாரங்களிலேயே அரிக்கத் தொடங்கும். தூத்துக்குடி, நாகை, ராமேசுவரம் போன்ற கடலோர ஊர்களில் வீட்டுக்குள்ளும் இதே நிலைதான். விரல் வியர்வையும் உப்புதான். ஆகவே தொட்ட பிறகு ஒவ்வொரு முறையும் எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். சுட்ட அன்றே குழலுக்குள் கம்பியால் சுத்தம் செய்து மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். எண்ணெய் அதிகமானால் கட்டைக்குள் இறங்கி மரத்தை இளக்கிவிடும்.

தோல் உறைக்குள் நீண்ட நாள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெட்டகத்துக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, அவ்வப்போது சூடாக்கி ஈரம் நீக்கித் திரும்ப வையுங்கள். தோட்டாக்களுக்கு எண்ணெய் பூசக் கூடாது. உள்ளே இறங்கினால் மருந்து கெட்டு, வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்காது. கற்பூரம், தீப்பெட்டி, பட்டாசு, மண்ணெண்ணெய் இவற்றின் பக்கத்தில் தோட்டா இருக்கவே கூடாது.

கையில் எடுத்தால்

ஒவ்வொரு துப்பாக்கியிலும் தோட்டா இருக்கிறது என்றே எண்ணுங்கள். ஒரு நிமிடம் முன்பு நீங்களே பார்த்திருந்தாலும் சரி. சுட விரும்பாத எதன் பக்கமும் குழல் வாயைத் திருப்பாதீர்கள். குறி முடிவாகும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். குறி என்ன, அதற்குப் பின்னால் என்ன என்று தெரியாமல் சுடாதீர்கள். விளையாட்டுத் திடல்களில் முதல் நாள் கற்றுத் தரும் இந்த நான்கையும் வீட்டில் எத்தனை பேர் அறிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மது அருந்திய அன்று சாவியைத் தொடவே கூடாது.

இரவில் சத்தம் கேட்டால் துப்பாக்கியோடு இருட்டில் தேடிப் போகாதீர்கள். கதவைத் திறந்து வருகிற நிழல், தண்ணீர் குடிக்க எழுந்த மகனாக இருக்கலாம். வீட்டாரை ஓர் அறையில் சேர்த்துத் தாழிடுங்கள். விளக்கைப் போட்டுச் சத்தம் எழுப்புங்கள். 100 அல்லது 112-க்குப் பேசுங்கள். பெரும்பாலான திருடர்கள் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்குமே ஓடிவிடுவார்கள்.

சுடலாமா?

தற்காப்பு உரிமை இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் உள்ளது. அச்சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடைமையைக் காக்க உயிர்ப்பலி வரை போகும் உரிமை கொள்ளை, சூரியன் மறைந்து உதிக்கும் வரை நடக்கும் வீடு உடைப்பு, வசிக்கும் வீட்டுக்கோ சரக்கு வைக்கும் கட்டடத்துக்கோ தீ வைத்தல் போன்ற சில நிலைகளுக்கே உண்டு. சாதாரணத் திருட்டானால், உயிருக்கோ உடலுக்கோ கொடுங்காயம் வரும் என்ற நியாயமான அச்சம் இருக்க வேண்டும். தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. காவல் துறையை நாட நேரமிருந்தால் இந்த உரிமையே இல்லை. எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பையன் முதுகில் சுட்டுவிட்டு அதைத் தற்காப்பு என்று நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது மிகக் கடினம். டின் போனால் மறுநாள் வியாபாரத்தில் ஈடு கட்டலாம். ஓர் உயிர் போனால் எதைக் கொண்டும் ஈடு கட்ட முடியாது. வழக்கும் ஆண்டுக்கணக்கில் நடக்கும்.

விளையாட்டுக்கு என்றால்

சுடுவதில் ஆர்வமுள்ளவர்களுக்கு நல்ல வழி இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. முயலும் கொக்கும்கூடத் தப்பில்லை என்று எண்ண வேண்டாம். ரைபிள் கிளப்பில் சேருங்கள். சென்னை ரைபிள் கிளப் 1952-லிருந்து இருக்கிறது; வேறு மாவட்டங்களிலும் கிளப்புகள் உண்டு. 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் .177 அங்குலத்துக்கு மேற்படாத குழலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டியதில்லை. வாங்கும்போது அடையாளச் சான்று கொடுத்தால் போதும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்த .177 ஏர் ரைபிளில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இதிலேயே. புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருதிவிராஜ் தொண்டைமான் 12 போர் துப்பாக்கியால் பறக்கும் தட்டைச் சுடும் போட்டியில் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை சென்றார். பிள்ளைகளைச் சேர்த்தால் துப்பாக்கியின் மீதுள்ள கவர்ச்சி குறைந்து கட்டுப்பாடு வளரும். ஆனால் ஏர் ரைபிளும் பொம்மையல்ல. ஒரு கண்ணைப் பறிக்க அதுவே போதும். அதையும் பூட்டியே வையுங்கள்.

உரிமையாளர் மறைந்தால்

பலரும் மறந்துவிடுவது இது. உரிமம் ஆளுக்கே; வீட்டுக்கு அல்ல. உரிமையாளர் காலமானால், அந்த வேளையிலிருந்து துப்பாக்கியை வைத்திருக்க வீட்டாருக்கு உரிமை இல்லை. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். துக்கத்தில் மறந்துவிட்டோம் என்று ஆண்டுக்கணக்கில் பீரோவில் விட்டால், ஒரு குற்றமும் அறியாத விதவைத் தாயார் மீது வழக்கு வரும். வாரிசுகளில் ஒருவர் மற்றவர்களின் சம்மதத்தோடு தம் பெயருக்கு உரிமம் கேட்கலாம். உரிமையாளருக்கு 70 வயது ஆனாலோ, 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடிருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கவும் விதியில் இடமுண்டு. உயில் எழுதும்போது இதற்கும் ஒரு வரி எழுதுங்கள். சாவி எங்கே, உரிமப் புத்தகம் எங்கே என்று நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். புதுப்பிக்கும் தேதியையும் வரி கட்டும் தேதியோடு சேர்த்துக் குறித்துக்கொண்டு, கெடுவுக்கு இரண்டு மாதம் முன்பே மனுக் கொடுங்கள்.

இப்போது உரிமம் வைத்திருக்கும் அன்பர்கள் இன்றிரவு கடையடைத்து வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யலாம். பெட்டகத்தைத் திறந்து துப்பாக்கி காலியாக இருக்கிறதா, தோட்டா தனியாக இருக்கிறதா, எண்ணிக்கை சரியா, உரிமம் எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். புதிதாக வாங்க நினைக்கும் அன்பர்கள், வீட்டில் அதை எந்த இடத்தில், யாருக்கும் எட்டாமல், எத்தனை ஆண்டு பூட்டி வைக்க முடியும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு விடை கிடைக்கவில்லையென்றால் அந்தப் பணத்தில் ஷட்டருக்கு ஒரு நல்ல நடுப்பூட்டும் வாசலுக்கு இரண்டு விளக்கும் வாங்குங்கள்.